இரண்டாவது பியானோ

பாலித் தீவில், பாயாங்கான் ஊரைத் தாண்டி ரோடு குறுகும் இடத்தில் வாடகைக் கார் நின்றுவிட்டது. அதற்கு மேல் படிதான். ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கும் கருங்கல் படி, பாசி பிடித்து வழுக்கியது. அரிம்பாவா இரண்டு கையிலும் பெட்டிகளோடு முன்னால் இறங்கினான். பின்னால் அவன் மனைவி சுவஸ்தி, தன் மத்தளத்தைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"ப்ளி, இறங்குறது சரி. ஏறுறப்ப என்னையும் தூக்கிட்டுத்தான் ஏறணும், இப்பவே சொல்லிட்டேன்."

"உன்னையா? மத்தளத்தை வேணா தூக்குறேன். அது உன்னளவுக்குப் பேசாது."

அவள் பின்னாலிருந்தே அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். அவளுக்கு அவன் 'ப்ளி', அவனுக்கு அவள் 'லுஹ்'; அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் கூப்பிட்டுக்கொள்ளும் சொற்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இப்படித்தான். ஒருவரை ஒருவர் வாராமல் ஒரு வேளைச் சோறு இறங்காது.

கீழே வீடு நாணல் கூரையோடு ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. அழகான வீடுதான். ஆனால் சூரியன் அங்கே விருந்தாளி மாதிரி வந்துவிட்டு உடனே கிளம்பிவிடும். சுவரெல்லாம் ஈரம். ஆற்றின் இரைச்சல் எந்நேரமும் காதில் அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் கண்ணாடி போட்ட அறையில் கறுப்புப் பியானோ.

அரிம்பாவா சானூர் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் பியானோ வாசிப்பவன். நாற்பது வயதாகிறது. இத்தனை வருஷமும் அவன் வாசித்ததெல்லாம் ஊரான் பாட்டு. கேட்டவர்களெல்லாம் இறால் உரித்துக்கொண்டிருந்தவர்கள். உபூத்தில் தியான நிலையம் நடத்தும் ரெனாட்டா என்ற அம்மாள் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, "உடம்புல ஏழு சக்கரம். ஒண்ணொண்ணுக்கும் ஒரு இசை. மூலாதாரத்துல ஆரம்பிச்சு உச்சந்தலை வரைக்கும் ஏறணும். உங்க பேர்லயே வெளியிடுவோம். முடியற வரைக்கும் என் ஆத்தோர வீட்டுல இருந்துக்கோங்க" என்றபோது அவனுக்கு வாயெல்லாம் பல். தன் பெயரில் ஒரு இசை. அதற்காகத்தான் அவன் அந்தப் பள்ளத்தில் இறங்கினான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சுதர்சா, ஊர் மரியாதைக்குப் 'பாக்' சுதர்சா, சாயங்காலப் பூசைக்குத் தென்னங்குருத்துத் தட்டுகளில் பூவும் சோறும் வைத்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. கண்ணாடி அறையை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.

"பாக், பியானோவுக்கு வைக்கலையே?" என்றாள் சுவஸ்தி.

"அதுக்கு வைக்கிறதில்லம்மா."

"வாத்தியத்துக்குப் படைக்காம எப்படி வாசிக்கிறது? எங்க பொம்பளைங்க குழுவுல பெரிய வெண்கலக் கோங்கு மணிக்குத் தட்டு வைக்காம ஒரு விரலைக்கூட அசைக்க மாட்டோம்."

"கோங்கு நம்மளோடது. அதுல இருக்கிறது யாருன்னு நமக்குத் தெரியும்." கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுக்கு வெச்சா, கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

சுவஸ்தி கேட்கவில்லை. அந்த மண்ணில் பிறந்து வாத்தியம் தொட்ட எந்தப் பெண்ணும் கேட்டிருக்க மாட்டாள். கையோடு கொண்டுவந்த தட்டு ஒன்றைப் பியானோ மேல் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, பூவால் நீர் தெளித்தாள்.

"இதுல இருக்கிறது யாரா இருந்தாலும் வந்து வாங்கிக்கோங்க. எங்களோட இருங்க."

ஊதுவத்திப் புகை மேலே எழும்பவில்லை. பியானோ மூடியின் விளிம்பில் வழிந்து, இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. அறையில் அதுவரை இல்லாத லாவெண்டர் தைல வாசம் லேசாக வந்தது. காற்று இல்லாத இடம், அதுதான், என்று அரிம்பாவா நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையிலேயே மூலாதாரத்தை ஆரம்பித்தான். கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள், மண்ணைப் போல் கனமாக, மெதுவாக. வாசித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று விரலைத் தூக்கினான்.

ஒலி நடுங்கியது.

பாலித் தீவில் வெண்கல வாத்தியங்களை ஜோடி ஜோடியாகத்தான் வார்ப்பார்கள். ஒன்றைவிட மற்றது இம்மி கூடுதலாகச் சுருதி. இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒலி நேராக நிற்காமல் அலை அலையாகத் துடிக்கும். அந்த அலைதான் உயிர். தனி வாத்தியத்தின் ஒலி அவர்களுக்குப் பிணம். பியானோவில் அந்த அலை வராது, வரவும் கூடாது. அதற்கு இன்னொரு பியானோ வேண்டும், அதை வாசிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

சுவஸ்தி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ப்ளி! அலை அடிக்குது! என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. பள்ளத்துல எதிரொலிக்குது போல."

"எதுவா இருந்தா என்ன? உங்க பொட்டிக்கு உயிர் வந்துடுச்சு!"

இருவரும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அவன் அவளையும் மறந்துபோனான். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சுவஸ்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து, பியானோவின் பக்கப் பலகையில் விரல்களால் படபடவென்று ஒரு தட்டு தட்டி, கடைசி அடியை அறுத்து நிறுத்தினாள். மத்தளக்காரி மொத்தக் குழுவையும் ஒரே இடத்தில் நிறுத்தும் தட்டு அது. வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்: போதும், நிறுத்திட்டு வா. எந்த ஸ்வரத்தில் இருந்தாலும் அவன் விரல் நின்றுவிடும்.

அன்று மாலை அவள் பாயிலிருந்து எழ முயன்று தடுமாறினாள். "கால் மரத்துப் போச்சு, ப்ளி. பாதம் இருக்கிறதே தெரியல."

"நேத்து அத்தனை படி இறங்கினல்ல" என்றான் அவன். அவன் மனசெல்லாம் அடுத்த இசையில் இருந்தது.

அடுத்தது தொப்புளுக்குக் கீழே உள்ள சக்கரத்துக்கு. நீரின் இடம் என்பதால் ஆற்றின் ஓட்டத்தையே விரலில் பிடித்தான். அலை முன்னைவிடத் தெளிவாக அடித்தது. அது முடிந்த பிறகு சுவஸ்தி இடுப்புக்குக் கீழே கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மணிபூரகம், அது வயிற்று நெருப்பு. அந்த இசை முடிந்ததிலிருந்து அவள் தட்டில் சோறு அப்படியே காய்ந்தது.

"பசிக்கலையா?"

"பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

பாக் சுதர்சா அந்தத் தட்டைப் பார்த்தார். அரிம்பாவாவைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, அம்மாவைக் கூட்டிட்டு ஊருக்குப் போயிடுங்க."

"ஏன் பாக்?"

"உங்களுக்கு முன்னாடி இங்க ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாங்க. மார்கிட்னு பேரு. தனி ஆளு. எந்நேரமும் லாவெண்டர் தைலம் தடவிக்கிட்டு இதே மாதிரிதான், இதே ஏழு சக்கரம்தான். ஒண்ணொண்ணா ஏறினாங்க. நெத்தி வரைக்கும் ஏறிட்டாங்க. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனா, பியானோ முன்னாடி உக்காந்த மேனிக்கு இருக்காங்க. மூச்சு இருக்கு, கண்ணு திறந்திருக்கு, ஆளு இல்ல. ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள்ல உடம்பும் போயிடுச்சு." கிழவர் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "ஏறத் தெரிஞ்சுது அவங்களுக்கு. மேல போகவும் வழி தெரியல, இறங்கவும் தெரியல. நடுவுல நின்னுட்டாங்க."

அரிம்பாவா தலையை ஆட்டினான். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாழ்நாள் பூரா செத்த ஒலியை வாசித்தவனுக்கு உயிருள்ள ஒலி கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போய் இறால் உரிப்பவர்களுக்கு வாசிக்க எவன் கிளம்புவான்?

சுவஸ்தியும் கேட்டாள். "போயிடலாமா, ப்ளி?"

"நியேப்பி மௌன நாள் முடியட்டும். மறுநாளே போயிடலாம்."

நியேப்பிக்கு முந்தைய மாலை மேலே ரோட்டில் ஊரே கூடியிருந்தது. மூங்கிலில் கட்டிய ராட்சசப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு, தாளமும் தகரமும் அடித்து, பேய்களைக் கிளப்பி விரட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பகலில்தான் அவன் இதயத்துக்கான இசையை முடித்திருந்தான். அவன் எழுதியதிலேயே அழகானது அது. வாசித்து முடித்தபோது அவனுக்கே கண் கலங்கியது.

சுவஸ்தி ஆற்றைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தாள். மத்தளச் சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்காதவள்.

"உன் ஆளுங்க அடிக்கிறாங்க, கேக்குதா?"

"கேக்குது. ஒண்ணும் தோணல." அவள் மெதுவாகத் திரும்பினாள். "ப்ளி, உங்களைப் பார்த்தாலும் ஒண்ணும் தோணல. பயமா இருக்குன்னு சொல்லணும்னு நினைக்கிறேன். ஆனா பயமும் இல்ல. பயப்படணும்னு மட்டும் தெரியுது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கை குளிர்ந்திருந்தது. லாவெண்டர் வாசம் அடித்தது.

"ரொம்பக் களைச்சுப் போயிருக்க, லுஹ். நாளைக்கு ஒருநாள்தான். அதுக்கு மறுநாள் விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்கு நான் மௌன விரதம் இருக்கேன்" என்றாள் அவள். "வாயைத் திறக்கவே மாட்டேன். சாமி பார்த்து ஏதாவது பண்ணட்டும்."

அவன் அதைக் கேட்டு நிம்மதியடைந்தான். சாமியை நினைக்கிறாள், அப்படியானால் ஒன்றுமில்லை. விடிந்துவிட்டால் பியானோவைத் தொட முடியாதே என்ற அவசரத்தில் தொண்டைக்கான இசையை விடிவதற்குள் முடித்தும் விட்டான்.

பொழுது வெளுக்கும்போது படியின் உச்சியில் இருந்த கேட்டுக்கு வெளியே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. முன்பொருமுறை விருந்தாளி ஒருவர் நியேப்பியன்று ரோட்டில் உலாத்தப் போய் ஊர்க் கூட்டத்தில் பாக் சுதர்சாவுக்குத் திட்டு விழுந்திருக்கிறது. அதிலிருந்து பூட்டிவிட்டுத்தான் போவார். அன்று தீவு முழுக்க ஒரு வண்டி ஓடாது, ஒரு விளக்கு எரியாது, ஒருவர் வாய் விட்டுப் பேசமாட்டார். விரட்டிய பேய்கள் திரும்பிப் பார்க்கும்போது ஆளில்லாத் தீவு என்று நினைத்துப் போய்விட வேண்டும். அந்தப் பள்ளத்தில் போனும் எடுக்காது.

சேவல்கூடக் கூவாத காலை அது.

சுவஸ்தி கண் விழித்ததும் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி திறந்தாள். அவன் பக்கம் திரும்பி, கண்களை அகல விரித்து, தொண்டையைச் சுட்டிக்காட்டினாள்.

அரிம்பாவா சிரித்தான். விரதத்தை மறந்துபோய்ப் பேசப் பார்க்கிறாள் கழுதை என்று நினைத்துக்கொண்டான். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, கூடாது என்று தலையை ஆட்டினான்.

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையைத் திருப்பி, விரல்களால் படபடவென்று தட்டி அறுத்தாள்.

போதும், நிறுத்திட்டு வா.

"வாசிக்கவே இல்லையே, எதை நிறுத்துறது?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேலி செய்தான். அவளைக் கண்ணாடி அறை வாசலிலேயே நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் துணி போர்த்திவிட்டு, பியானோ முன்னால் போய் உட்கார்ந்தான்.

வாசிக்கத்தான் கூடாது. நினைப்பதற்குத் தடையில்லை. மூடிய பியானோவின் மேல் விரல்களை ஓட்டியபடி நெற்றிக்கான இசையை மனதுக்குள்ளேயே கட்ட ஆரம்பித்தான். வெறும் மரம்தான் விரலில் பட்டது. ஆனால் ஸ்வரங்கள் வந்தன. தானாக வந்தன. அடுத்து எது என்று அவன் யோசிக்கும் முன்பே யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். புருவ மத்தியில் ஊசி முனை மாதிரி ஒற்றை ஸ்வரம், அதைச் சுற்றி மெல்லிய வளையங்கள். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கடைசி ஸ்வரத்துக்கு விரல் வந்து நின்றபோது கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது.

மூடிய பியானோவுக்குள் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அவன் விரலை எடுத்தான்.

அலை நிற்கவில்லை.

மூடியில் காதை வைத்தான். அங்கே இல்லை. எழுந்து அறையைச் சுற்றி வந்தான். சுவரில் இல்லை. ஆற்றிலும் இல்லை. ஒலி பின்னாலிருந்து வந்தது.

சுவஸ்தி அவன் உட்காரவைத்த மேனிக்கே இருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவன் முன்னால் போய் நின்றான். கண்கள் அவனைத் தாண்டி எங்கோ பார்த்தன. இமை அசையவில்லை. ஒரு கொசு அவள் கண்ணின் வெள்ளையில் உட்கார்ந்திருந்தது.

"லுஹ்?"

நியேப்பியில் பேசிவிட்டோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"சுவஸ்தி! விரதம் போதும். பேசு. ஏதாவது பேசுடி!"

நாற்காலியோரம் மண்டியிட்டு அவள் முதுகில் காதை வைத்தான். முதுகெலும்பு பாடிக்கொண்டிருந்தது. அடியில் மூலாதாரம், அதற்கு மேல் நீர், அதற்கு மேல் நெருப்பு. அவன் எழுதிய எல்லாமே, அவன் எழுதியதைவிட இம்மி கூடுதல் சுருதியில். இத்தனை நாளும் அவனோடு சேர்ந்து ஒலித்த இரண்டாவது பியானோ இவள்தான். ஒவ்வொரு இசைக்கும் இவள் உடம்பில் ஒரு கதவை அவனே சாத்திக்கொண்டு வந்திருக்கிறான். காலையில் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோது விரலை உதட்டில் வைத்துச் சிரித்திருக்கிறான்.

அவன் வாய்விட்டு அழுதான்.

தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தான். ஒல்லியான சுவஸ்தி மண்ணில் புதைத்த கல் மாதிரி இம்மியும் அசையவில்லை. தனியாகப் படியேறி ஓடினான். பூட்டிய கேட்டைக் கை ரத்தம் கசியும் வரை அடித்துக் கத்தினான். ரோடு காலியாகக் கிடந்தது. கீழே ஆறு அவன் குரலைத் தின்றுகொண்டிருந்தது. திரும்பி இறங்கினான். உச்சந்தலை மட்டும்தான் பாக்கி. அந்த ஏழாவது இசை அவன் கேட்காமலே அவன் தலைக்குள் ஆரம்பித்துவிட்டது. அதை நினைக்காமல் இருக்க அவன் பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் கிழவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏறத் தெரிஞ்சுது. இறங்கத் தெரியல.

இறக்கிவிடுகிறேன், என்று பியானோ மூடியைத் திறந்தான்.

தீவே மூச்சடக்கிக் கிடந்த அந்த அந்தியில் அவன் வாசித்தான். நெற்றியின் இசையைக் கடைசி ஸ்வரத்திலிருந்து முதலுக்குத் திருப்பி வாசித்தான். பின்னால் அலை கூடவே வந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால் கட்டைகள் தெரியவில்லை. விரல்களுக்குத் தெரிந்தது.

நாற்காலியில் அவள் கண் இமைத்தது.

தொண்டையைத் திருப்பி வாசித்தான்.

"ப்ளி…"

அந்தக் குரலைக் கேட்டதும் அவனுக்கு உயிர் வந்தது. அழுதுகொண்டே இதயத்தை வாசித்தான், வயிற்றை வாசித்தான், நீரை வாசித்தான். மேலே கேட் உடையும் சத்தம் கேட்டது. படிகளில் தடதடவென்று காலடிகள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய ஊர்க் காவலர்கள் அறைக்குள் பாய்ந்தபோது அவன் மூலாதாரத்தின் கடைசி, அதாவது முதல், ஸ்வரத்தை அழுத்திவிட்டிருந்தான்.

சுவஸ்தி எழுந்து நின்றாள். தன் காலில்.

"உனக்குப் பைத்தியமாய்யா?" மூத்த காவலர் அவன் சட்டையைப் பிடித்தார். மூச்சு வாங்கியபடியே பேசினார். "நியேப்பியில வாத்தியமா? நம்ம ஊர்க்காரன்தானே நீ?"

"பொண்டாட்டிக்கு உடம்புக்கு முடியல… வந்து…"

இன்னொரு காவலர் டார்ச்சைத் துணியால் பொத்திக்கொண்டு வீடு முழுக்கத் தேடிவிட்டு வந்தார்.

"இன்னொரு பியானோ எங்க?"

"இது ஒண்ணுதான்."

"விளையாடாத. மேல ரோடு வரைக்கும் ரெண்டு கேட்டுச்சு. ரெண்டு பேர் வாசிச்சீங்க. அந்த ஆளு எங்க?"

சுவஸ்தி சிரித்தாள்.

மறுநாள் காலையில் பாக் சுதர்சா படியோரம் நின்றுகொண்டிருந்தார். அரிம்பாவா அந்த இசைத் தாள்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டு வந்திருந்தான். இசையுமில்லை பேருமில்லை, பெண்டாட்டி கிடைத்தாளே, போதும். சுவஸ்தி அத்தனை படியையும் யாரும் தூக்காமல், மூச்சு வாங்காமல் ஏறினாள். அவள் தாண்டிப் போனபோது கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்தளம் கண்ணாடி அறையிலேயே கிடப்பதைப் பாதி வழியில்தான் அரிம்பாவா கவனித்தான்.

"உன் மத்தளத்தை விட்டுட்டியே."

"கிடக்கட்டும்" என்றாள் அவள்.

தென்பசாரில் அவர்கள் வீட்டில் எல்லாம் பழையபடி ஆயிற்று. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவள் சமைத்தாள், வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரிகளோடு சிரித்துப் பேசினாள். முன்னைவிட அமைதியாக, முன்னைவிட மரியாதையாக. அவனை ஒருமுறைகூட வாரவில்லை. மத்தளக் குழுவிலிருந்து கூப்பிட்டு அனுப்பினால் கை வலி என்றுவிட்டாள்.

அவள் பேசும்போதெல்லாம் குரல் லேசாக நடுங்கியது. அலை அலையாக, ஒரே சொல்லை இருவர் இம்மி சுருதி வித்தியாசத்தில் சொல்வதுபோல. அவனுக்கு மட்டும்தான் கேட்டது. தன் காதில்தான் கோளாறு என்று தன்னையே தேற்றிக்கொண்டான். அவனால் வேறென்ன செய்ய முடியும்? அவளை விட்டுவிட்டு எங்கே போவான்?

நாளாக ஆக அலை மெலிந்தது. ஒருநாள் நின்றேபோனது. குரல் நேராக, சுத்தமாக, ஒற்றையாக வந்தது. அன்று அவன் நன்றிக்கடனாகக் கோயிலுக்குப் பழக்கூடை சுமந்தான்.

அடுத்த நியேப்பி வந்தது.

"இந்த வருஷமும் மௌன விரதம் இருக்கேன்" என்றாள் அவள்.

பகல் முழுக்க வீடு மூச்சில்லாமல் கிடந்தது. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. ஜன்னலைச் சாத்தி, பாயில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குக் கண் சொருகியது.

கையில் ஏதோ பட்டது.

அவள் இடது கை. பாயின் மேல் நண்டு மாதிரி ஊர்ந்து வந்து அவன் உள்ளங்கைக்குள் நுழைந்தது. விரல்கள் மடங்கின. பிறகு தட்டின. படபடவென்று தட்டி, கடைசி அடியை அறுத்தன. மறுபடி. மறுபடி. கதவை உள்ளேயிருந்து தட்டுகிறவர்கள் தட்டுவதுபோல, நகம் பதிய.

போதும், நிறுத்திட்டு வா.

ஒரு வருஷமாக சுவஸ்தி உள்ளே அங்கேதான் இருந்திருக்கிறாள். அன்று அவன் இறக்கிவிட்டது இன்னொருத்தியை.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். முகம் அமைதியாக இருந்தது. லாவெண்டர் வாசம் வந்தது. கீழே இடது கை அவன் உள்ளங்கையைப் பிறாண்டிக்கொண்டிருக்க, அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். வலது கையின் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, கூடாது என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.